பீலித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்

(எமது சங்கத்தின் மாதர் பிரிவுத் தலைவிமாரும் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் யாழ்ப்பாணத்துக்கு மேற்கொண்ட கல்விச் சுற்றுலாவின் இரண்டாம் நாளில், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவரது விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



நேற்றுப் பின்னேரம் உங்களில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார்: "ஐயா, தோட்டத்துக்குப் போறன்னு சொன்னீங்களே, இங்க எங்க தோட்டம் இருக்கு?" நான் கோண்டாவில் பக்கம் கையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எங்களூரில் தோட்டம் என்றால் கொஞ்சம் செம்மண், வெங்காயம், புகையிலை, மிளகாய், நடுவில் ஒரு கிணறு. உங்களூரில் தோட்டம் என்றால் மலை முழுக்கத் தேயிலை, லயம், மடுவம், டிஸ்பென்சரி, பிள்ளைக்காம்பரா. சொல் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. ஆனால் நோய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் கெட்டால் இரண்டு தோட்டத்திலும் வயிற்றோட்டம்தான்.

இந்தச் சின்னத் தீவு சுகாதாரத்தில் எப்படி முன்னேறியது, அந்த முன்னேற்றம் உங்கள் லயத்து வாசலில் ஏன் நின்றுவிட்டது, இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் எதைக் காப்பாற்றினோம், எதைக் கெடுத்தோம் என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து வருடம் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் கிணறும் கக்கூசும் பார்த்துத் திரிந்தவன். அந்த அளவில்தான் பேசுவேன்.

ஒரே பாதையில் வந்தவை

உங்கள் முன்னோர் வந்த வழி வடக்கு வழி. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. எண்ணாததும் சுகாதாரத்தில் ஒரு குற்றம்தான். அதைப் பற்றிக் கடைசியில் திரும்பவும் சொல்வேன். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் மறித்து, பரிசோதித்து அனுப்பினார்கள். அது தொழிலாளி மேல் இருந்த இரக்கத்தை விட, தோட்டத்துக்கு நோய் வந்து வேலை கெட்டுப்போகும் என்ற பயத்தால் செய்தது. 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஆனால் தோட்டத்துச் சுகாதாரம் துரையின் கையில் இருக்க வேண்டிய காரியம் என்ற எண்ணம் அன்று விழுந்த விதை. அந்த மரம் இன்னும் நிற்கிறது.

அதே காலத்தில் இங்கே மானிப்பாயில் வேறொரு காரியம் நடந்தது. 1847இல் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் என்பவர் யாழ்ப்பாணம் வந்தார். வாந்திபேதிக் காலங்களைப் பார்த்தவர். வெளியிலிருந்து வரும் ஒரு டாக்டரால் ஊரைக் காப்பாற்ற முடியாது, ஊர்ப் பிள்ளைகளே படிக்க வேண்டும், அதுவும் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் படித்தவர்கள் ஊர்களுக்குப் போய் வைத்தியம் பார்த்தார்கள். மதம் மாற்ற வந்தவர்தானே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நோயாளிக்கு அவனுடைய பாஷையில் நோயைச் சொல்ல வேண்டும் என்ற பாடம் இன்றைக்கும் பழசாகவில்லை. உங்களில் எத்தனை பேர், பாஷை தெரியாத கிளினிக்கில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

எண்கள் எப்படி இறங்கின

1934, 35இல் இலங்கையில் மலேரியா பெருநோயாக வந்தது. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாய் நின்றன, குட்டையில் கொசு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம் குடும்பம் குடும்பமாக விழுந்தார்கள். சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1935இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. அந்த நாளில் பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது அக்கம்பக்கத்தில் அதிசயமில்லாத காரியம். 1940களின் நடுவில் கூட, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,500 தாய்மார் அளவில் இறந்தார்கள். இன்றைக்கு அது 30ஐ ஒட்டி நிற்கிறது. ஆயிரம் பிள்ளைக்கு இறப்பது 10க்கும் கீழே.

இது பணக்கார நாடாகி வாங்கியது இல்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு பகுதி, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குடும்பநல மாது. நாங்கள் 'மிட்வைஃப் அம்மா' என்று சொல்லும் ஆள். 1931இல் எல்லோருக்கும் வாக்கு வந்தது. வாக்கு வந்ததும், ஆஸ்பத்திரி கட்டாத அரசியல்வாதி ஊருக்குள் வர முடியாமல் போனது. 1945இல் இலவசக் கல்வி வந்தது, பெண்பிள்ளைகள் படித்தார்கள். படித்த தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்த தாய். இலவச வைத்தியமும் சேர்ந்தது. இந்த நாலும் சேர்ந்துதான் எண்ணை இறக்கின: வாக்கு, பள்ளிக்கூடம், மிட்வைஃப் அம்மா, காசில்லாத ஆஸ்பத்திரி.

இப்போது உங்கள் பக்கம் இந்த நாலையும் எண்ணிப் பாருங்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் உங்கள் பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது, அதோடு வாக்கும் போனது. தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தது எழுபதுகளில்தான். மிட்வைஃப் அம்மா தோட்டத்து ஆளாக, தோட்டச் சம்பளத்தில் இருந்தார். ஆஸ்பத்திரி துரையினுடையது. நாட்டின் எண் இறங்கியபோது உங்கள் எண் பின்னால் நின்றதற்குக் காரணம் உங்கள் சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. நாலு காலும் இல்லாத கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, ஏன் விழுந்தாய் என்று கேட்ட கதை அது. 2016இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் 31.7. மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. இந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலும் இதைச் சொல்லலாம்.

நான் எழுதாத வரி

இனி என் சொந்தக் கதை ஒன்று. இதைச் சொல்லவா விடவா என்று இரவு முழுக்க யோசித்தேன்.

களுத்துறையில் படித்து முடித்து என் முதல் வேலை மலைநாட்டில். 1981. ஊரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் சொல்லமாட்டேன். தோட்டம் எங்கள் நாளாந்தப் பொறுப்பில் இல்லை. தொற்றுநோய் அறிவித்தல் வந்தால் மட்டும் போவோம். ஒரு மழைக்காலத்தில் அறிவித்தல் வந்தது, ஒரு லயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு இரத்தக் கழிச்சல் என்று. போனேன். மேலே ஓடையிலிருந்து குழாயில் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஓடைக்கு மேலே இன்னொரு லயம். அங்கே கக்கூஸ் இடிந்து எத்தனையோ வருடம். ஆட்கள் தேயிலைக்குள் போகிறார்கள். மழை எல்லாவற்றையும் கழுவி ஓடையில் விடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

நான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். தோட்டத்துத் தண்ணீர் தோட்டத்தின் அலுவல், இனி வருவதென்றால் முன்கூட்டிக் கடிதம் தந்துவிட்டு வா என்றார்கள். என் மேலதிகாரியிடம் சொன்னேன். புதுப் பையன், ஏன் வீண் வம்பு என்றார். நான் அறிக்கை எழுதினேன். அதில் நோயாளர் எண்ணிக்கை, கொடுத்த மருந்து எல்லாம் எழுதினேன். ஓடையையும் இடிந்த கக்கூசையும் பற்றிய வரியை மட்டும் எழுதவில்லை. 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது' என்று முடித்தேன். இரண்டு கிழமையில் அந்த லயத்தில் ஒரு பெண்பிள்ளை இறந்தது. இரண்டு வயது.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் காலையில் பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. குழாயை மேலே எடுக்கிற வரைக்கும் கொழுந்து இல்லை என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாம் நாள் குழாய் மேலே போனது. அவ்வளவு நாளும் முடியாது என்று சொன்ன வேலைக்குத் தேவைப்பட்டது கொஞ்சக் குழாயும் இரண்டு ஆள் வேலையும்தான்.

83 ஆடியில் டவுனில் நான் இருந்த அறை எரிந்தது. என்னை இருட்டில் கூட்டிக்கொண்டு போய் ஒளித்து வைத்தவர்கள் அதே லயத்து ஆட்கள். மூன்று நாள் அந்தப் பீலித் தண்ணீரைத்தான் குடித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய்தான் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தார். நான் எழுதாத வரியைப் பற்றி அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் காத்ததும் கெடுத்ததும்

ஊருக்கு வந்தேன். இங்கே முப்பது வருட யுத்தம். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்திய இராணுவம் நுழைந்து, வைத்தியர்களும் தாதிமாரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. ஒரு கிணற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆட்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் குளோரின் தூள். காலையில் போடுவோம், பின்னேரம் மணந்து பார்ப்போம், திரும்பப் போடுவோம்.

அந்தக் காலத்திலும் தடுப்பூசி நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியில் மருந்தை வைத்து, ஐஸ் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மிட்வைஃப் அம்மாமார் போனார்கள். போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை. வன்னியை வாட்டிய மலேரியாவும் போனது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அத்தாட்சி தந்தது.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1963இலும் இலங்கை மலேரியாவை ஏறக்குறைய ஒழித்திருந்தது. அந்த வருடம் முழுக்க 17 பேருக்கு மட்டும்தான் நோய். முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பைக் குறைத்தார்கள். ஐந்தாறு வருடத்தில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. இப்போது சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பும் கொசு இனம் 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு இது சின்னச் செய்தி இல்லை.

டெங்கு இங்கே மழையோடு வருகிறது. கார்த்திகை, மார்கழி, தையில் ஆஸ்பத்திரி விடுதி நிரம்பும். நல்ல தண்ணீரில் மட்டும்தான் டெங்குக் கொசு முட்டையிடும் என்று நாங்கள் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தோம். கரையோரத்து உவர்நீரிலும் அது வளர்கிறது என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாங்கள் படிப்பித்ததைத் திருத்த வேண்டி வந்தது. 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பின் வடமராட்சிப் பக்கம் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஆட்கள் இறந்தார்கள். எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வயல் சேற்றில் காலில் காயத்தோடு நின்ற உழைப்பாளிகளே கூடுதலாக அகப்பட்டார்கள். இது உங்களுக்கும் வரும். கானில், சேற்றில், வயலில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சல் வந்தால், 'சேற்றில் நின்றேன்' என்று முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள். பனடோலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

பெரிய வருத்தம் எங்கள் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் எங்கள் குடிநீர். அந்தக் கல் வடிகட்டாது. வெடிப்பும் துளையும் உள்ள கல். வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்ட யூரியா அதற்குள் இறங்குகிறது, மலக்குழியும் இறங்குகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று நான் ஆயிரம் வீட்டில் சொல்லியிருப்பேன். பரப்புக் கணக்கில் காணியைத் துண்டு போட்ட ஊரில் 50 அடிக்கு எங்கே போவது? பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருக்கிறது. சுன்னாகத்தில் மின் நிலையத்துப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, ஊர்ச்சனம் வீதிக்கு இறங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இல் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பு வந்தது. கிணறு பழையபடி வரவில்லை, ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் வந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இதே யாழ்ப்பாணத்தில் சாதியின் பேரில் கிணற்றுக் கட்டில் ஏறவிடாமல் வைத்திருந்தோம். நல்ல தண்ணீர்க் கிணறு சிலருக்கு, உவர்க் கிணறு சிலருக்கு. எங்கள் நகரத்து வாளிக் கக்கூசைச் சுமந்து சுத்தம் செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் லயத்தில்தான் இருந்தார்கள். உங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டு வேலைக்குக் கூட்டி வந்து, திண்ணையில் படுக்க வைத்தோம். சுகாதாரம் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

நேரம் போகிறது. எழுதிக்கொள்ள ஐந்து விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பிரிவின் அரசாங்க மிட்வைஃப் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் கேளுங்கள். பிள்ளை தங்கியது தெரிந்தவுடன், எட்டுக் கிழமைக்குள் பதிவு செய்யுங்கள். பேர் போய்விடும் என்று கிளினிக்கைத் தள்ளிப்போட வைக்கும் கங்காணி இருந்தால், அது சங்கத்தின் வழக்கு, தனி ஆளின் வழக்கு இல்லை.

இரண்டாவது, பீலித் தண்ணீர் எங்கிருந்து தொடங்குகிறது என்று நாலு பெண்களாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே நடந்து பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். பரிசோதகரை அழைத்துத் தண்ணீர் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முடிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கக்கூசும் குப்பையும் பாதையும் பிரதேச சபையின் காரியம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று நெடுங்காலம் சொன்னார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாட்டு எடுபடாது. உங்கள் வாக்கை வாங்கிய உறுப்பினரிடம் சபைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள்.

நாலாவது, தோட்ட டிஸ்பென்சரியை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், கீழே வைக்காதீர்கள். பெயர்ப்பலகை மாறினால் மட்டும் போதாது. டாக்டர், மருந்து, அம்புலன்ஸ், தமிழ் தெரிந்த ஊழியர் நாலும் சேர்ந்து வர வேண்டும். 2022 நெருக்கடியில் நாட்டிலேயே மருந்து தீர்ந்தது, வைத்தியர்கள் வெளிநாடு போனார்கள். ஆள் குறையும்போது முதலில் வெறுமையாவது கடைசியாக நியமனம் பெற்ற இடம்தான். அது எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது, எண்ணுங்கள். இந்த நாட்டில் ஒரு தாய் பிள்ளைப்பேற்றில் இறந்தால் அதை அறிவிக்க வேண்டும், ஏன் இறந்தார் என்று கூடி விசாரிக்க வேண்டும். தாய் மரணம் இவ்வளவு குறைந்ததற்கு அந்த விசாரணையும் ஒரு காரணம். அதே பழக்கத்தை உங்கள் மாதர் பிரிவும் எடுக்கட்டும். ஒரு கொப்பி போதும். எந்த லயம், எந்தப் பிள்ளை, என்ன நோய், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டீர்கள், வாகனம் எத்தனை மணிக்கு வந்தது. வடக்குப் பாதையில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. நானும் ஒரு வரியை எழுதாமல் விட்டேன். உங்கள் கொப்பியில் அந்த வரி விடுபடக் கூடாது.

பின்னேரம் உங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். துலா இப்போது அனேகமாக இல்லை, மோட்டர்தான். தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கொஞ்சம் சவர்க்கும். உங்கள் பீலித் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீர் என்று அப்போது விளங்கும். நான் மூன்று நாள் குடித்தவன், எனக்குத் தெரியும். அதைக் கெட விடாதீர்கள்.